ஓட்டுக்கே விடாத 130 கோடி டாலர்: அமெரிக்காவின் 'தீர்ப்பு நிதி' யார் வீட்டுப் பணம்?

1. அரவேணு

இன்னொரு இழையில் ஈரான் பேச்சு வந்தபோது சூறாவளி, "ஒபாமா மூட்டை மூட்டையாகக் காசை விமானத்தில் ஏற்றி அனுப்பினார், நாடாளுமன்றத்தைக் கேட்கவே இல்லை" என்று எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மன்னர் ஷா காலத்தில் ஈரான், அமெரிக்க ஆயுதம் வாங்குவதற்காக ஒரு கணக்கில் முன்பணம் கட்டி வைத்திருந்தது. 1979இல் புரட்சி வந்தது, வியாபாரம் முறிந்தது. கணக்கில் தங்கிய பணம் 40 கோடி டாலர். தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பணயமாகப் பிடிபட்ட 52 பேர் 444 நாள் கழித்து விடுதலையானபோது, 1981 ஜனவரியில் அல்ஜியர்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி இரு நாட்டுக் கொடுக்கல் வாங்கல் சண்டைகளைத் தீர்க்க ஹேக் நகரில் ஒன்பது நடுவர்கள் கொண்ட தீர்ப்பாயம் உட்கார்ந்தது. ஆயுதக் கணக்குப் பணமும் அங்கே போன வழக்குகளில் ஒன்று.

2016 ஜனவரி 17 அன்று ஒபாமா அரசு ராசி (வழக்கை முடிக்கும் சமரசம்) ஆகிவிட்டதாக அறிவித்தது. அசல் 40 கோடி, வட்டி ஏறக்குறைய 130 கோடி. மொத்தம் 170 கோடி டாலர். அதே நாளில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேசன் ரெசையான் உட்பட அமெரிக்கர்கள் ஈரான் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். 40 கோடியும் சுவிஸ் ஃபிராங்க், யூரோ நோட்டுகளாக விமானத்தில் போனது என்று ஆகஸ்டில்தான் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. பிறகு மீதி 130 கோடியும் ரொக்கமாகவே போனது என்று தெரியவந்தது. குடியரசுக் கட்சி செனட்டர் டாம் காட்டன் இதைப் பணயத்தொகை என்றார். கீழவையின் வெளியுறவுக் குழுத் தலைவர் எட் ராய்ஸ் தடை மசோதா கொண்டுவந்தார். செப்டம்பர் 22 அன்று 254க்கு 163 என்று கீழவையில் அது நிறைவேறியது. செனட்டில் படுத்துவிட்டது.

இதில் எல்லோரும் 40 கோடியையே பார்த்தார்கள், ஏனென்றால் படத்துக்கு அதுதான் நல்ல காட்சி. ஆனால் அந்த 40 கோடி ஈரானுடைய காசு. 130 கோடி வட்டிதான் அமெரிக்க வரி கட்டுகிறவன் காசு. அதற்கு எந்த அவையிலும் யாரும் கை தூக்கவில்லை. அது எப்படி முடிந்தது என்பதுதான் என் கேள்வி.

2. சூறாவளி

அண்ணே சுத்தி வளைக்காதீங்க. கைதிங்க கிளம்புற வரைக்கும் காசைப் பிடிச்சு வெச்சிருந்தோம்னு ஆகஸ்ட் 18 அன்னிக்கு வெளியுறவுத்துறைப் பேச்சாளர் ஜான் கிர்பியே ஒத்துக்கிட்டாரு. ஆளு வந்தா காசு, வரலைன்னா இல்ல. இதுக்குப் பேரு பணயத்தொகை இல்லாம சீதனமா?

நான் இங்க இருபது வருஷமா வரி கட்டுறேன். என் காசு.

3. தேன்சிட்டு

சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஒரு சந்தேகம் கேட்கலாமா? அந்த 130 கோடி 'ஜட்ஜ்மென்ட் ஃபண்ட்' என்ற நிதியிலிருந்து போனது என்று எங்கேயோ படித்தேன். பெயரே தீர்ப்பு நிதி. தீர்ப்பு வந்தால்தானே அதிலிருந்து கொடுக்கணும்? இங்கே தீர்ப்பே வரலையே, ராசிதானே?

4. மீனாட்சி_எடிசன்

தேன்சிட்டு, நல்ல இடத்துல கை வெச்சிருக்கீங்க. நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல பதினாலு வருஷம் வேலை பார்த்தவ. அரசாங்கத்து மேல போட்ட வழக்கு ஜெயிச்சா காசு எங்கேர்ந்து வரும்னு கட்சிக்காரங்களுக்கு விளக்கி விளக்கியே வாய் வலிச்சிருக்கு.

1956 வரைக்கும் கோர்ட்ல ஜெயிச்சாலும் காசு கைக்கு வராது. பெரும்பாலான தீர்ப்புக்குக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தனியா நிதி ஒதுக்கணும். அதுவரைக்கும் வட்டி ஏறும், கட்சிக்காரர் செத்தும் போவார். 1956ல காங்கிரஸே ஒரு நிரந்தர ஏற்பாடு பண்ணிச்சு: 1 லட்சம் டாலர் வரைக்கும் உள்ள தீர்ப்புக்கு எங்களைக் கேட்க வேண்டாம், கருவூலமே கொடுத்துடட்டும். 1961ல, கோர்ட்டுக்குப் போன வழக்கையோ போகப்போற வழக்கையோ அட்டர்னி ஜெனரல் (அரசோட தலைமை வக்கீல்) ராசி பண்ணினா அதையும் தீர்ப்பு மாதிரியே பாவிச்சுக் கொடுக்கலாம்னு சட்டம் வந்தது. உங்க கேள்விக்கு விடை அந்த 1961. அப்புறம் 1977ல அந்த 1 லட்சம் உச்சவரம்பையும் தூக்கிட்டாங்க.

ஆக இப்ப இருக்கிறது ஆண்டும் இல்லாத, அளவும் இல்லாத ஒதுக்கீடு. பட்ஜெட்ல இவ்வளவுதான்னு ஒரு எண் கிடையாது. வர்ற பில்லுக்கு ஏத்த மாதிரி நிதி தானா வளரும். ஒவ்வொண்ணுக்கும் ஓட்டு இல்ல. அந்த அதிகாரத்தை யாரும் திருடலை, அவங்களே எழுதிக் கொடுத்தது.

இன்னொரு சுவாரசியம். ஈரான் வட்டிப் பணம் அந்த நிதிக் கணக்குல எப்படி ஏறியிருக்குன்னு பாருங்க. ஒவ்வொண்ணும் 99,999,999.99 டாலர்னு பதிமூணு வரி. கடைசியா 10,390,236.28 டாலர்னு ஒரு வரி.

5. குப்புசாமி_ஓய்வு

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ப் பக்கம் கருவூலத்துல முப்பத்தோரு வருசம் பில்லு பாஸ் பண்ணுனவன். பேத்தி அமெரிக்காவுல இருக்கறதால இந்த இழைய எட்டிப் பாத்தேன்.

பதிமூணு வரின்னு படிச்சதும் நிமிந்து உக்காந்துட்டேனுங்க. ஒரே தொகைய அறுத்து அறுத்துப் பில்லுப் போட்டா, எங்க தணிக்கைக்காரரு மொதல்ல செவப்புப் பேனாவத்தான் எடுப்பாரு. மேலதிகாரி அனுமதி வாங்கோணும்ங்கற வரம்புக்குக் கீழ கொண்டாறதுக்குத்தான் பில்லப் பிரிப்பாங்க. அங்கயும் அதே வேலைதானுங்களா?

6. சூறாவளி

ஐயா சொல்றாரு பாருங்க! அனுபவசாலி! இதைத்தான் நானும் சொன்னேன்.

7. மீனாட்சி_எடிசன்

ஐயா, சந்தேகம் நியாயம். ஆனா இங்கே பிரிக்கிறதால லாபமே இல்ல. 1977க்கு அப்புறம் வரம்பே இல்லையே, எந்த வரம்புக்குக் கீழ கொண்டு வர்றது? காரணம் ரொம்பச் சப்பை: அந்தக் கணினியில தொகை எழுதுற கட்டத்துல அதுக்கு மேல இலக்கம் கொள்ளாது. அவ்வளவுதான். அதனால பத்துக் கோடிக்கு ஒரு சென்ட் குறைச்சுக் குறைச்சு ஏத்தியிருக்காங்க.

விஷயம் என்னன்னா, அந்தப் பதிமூணு வரியைப் பார்த்துட்டு நிருபர்கள்தான் இது ஈரானாச்சேன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க. எதுக்கு, யாருக்கு, எந்த வழக்குக்குன்னு ஒரு வாக்கியம் அதுல கிடையாது. சூறாவளி கோபப்பட வேண்டிய இடம் அதுதான். விமானம் இல்ல.

8. அரவேணு

மீனாட்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என்னைப் பொறுத்தவரை காங்கிரஸ்காரர்களின் கூச்சலுக்குள் ஒரே ஒரு வலுவான சட்டக் கேள்வி இருந்தது. அதைப் பணயத்தொகைச் சத்தம் மூழ்கடித்துவிட்டது.

2000 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இருக்கிறது. ஈரான் ஆதரவு பெற்ற தாக்குதல்களில் பாதிக்கப்பட்ட அமெரிக்கக் குடும்பங்கள், ஈரான்மீது அமெரிக்க நீதிமன்றங்களில் தீர்ப்பு வாங்கி வைத்திருந்தார்கள். ஈரானிடமிருந்து வசூலிக்க வழியில்லை. அதனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு அமெரிக்கக் கருவூலமே பணம் கொடுத்துவிட்டு, அந்தக் குடும்பங்களின் இடத்தில் அமெரிக்க அரசு நின்றுகொண்டது. ஊர்ப்பக்கம் சொல்வதானால், கடனை நாம் அடைத்துவிட்டுப் பத்திரத்தை நம் பேருக்கு மாற்றிக்கொள்வது. அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: அந்தக் கோரிக்கைகள் 'அமெரிக்காவுக்குத் திருப்தியாக' கவனிக்கப்படும் வரை, அந்த ஆயுதக் கணக்கிலிருந்து ஈரானுக்கு ஒரு காசும் போகக் கூடாது.

இப்போது பாருங்கள். 2016இல் 40 கோடியும் போய்விட்டது, வட்டியும் போய்விட்டது. நம் பேரில் எழுதி வாங்கிய அந்தப் பத்திரம் என்ன ஆயிற்று? வட்டியைக் குறைத்துப் பேசியதிலேயே அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பது அரசு சொன்ன பதிலின் சாரம். எவ்வளவு குறைத்தார்கள், எப்படிக் குறைத்தார்கள் என்ற கணக்குத்தாள் மக்கள் முன்னால் வைக்கப்படவில்லை. 'அமெரிக்காவுக்குத் திருப்தி' என்றால் யாருக்குத் திருப்தி? பணம் கொடுக்கிற அதே அரசுக்கா? சட்டத்தை எழுதியபோது இந்த ஒரு சொல்லை மட்டும் 'காங்கிரஸுக்குத் திருப்தி' என்று எழுதியிருந்தால் 2016இல் கதையே வேறு. எழுதியவர்கள் அவர்கள்தான்.

9. வடமராட்சியான்

நான் கனடாவில இருந்து. எங்கட நாட்டிலயும் இப்பிடியொரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கும்.

ஒமர் காதர். டொரொண்டோவில பிறந்த பெடியன். 2002 ஜூலையில ஆப்கானிஸ்தானில சண்டையில பிடிபடேக்க வயது 15. அந்தச் சண்டையில அமெரிக்கச் சிப்பாய் ஒருத்தர் செத்தவர். பெடியனை ஆப்கானிஸ்தானில இருந்து குவாண்டனாமோ அமெரிக்க இராணுவச் சிறைக்குக் கொண்டுபோட்டினம். 2003, 2004இல கனடா அதிகாரிகள் அங்க போய் விசாரிச்சிருக்கினம். 2004இல போகேக்க, மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அறை மாத்தி மாத்தி நித்திரை கொள்ள விடாமல் மூண்டு கிழமை வைச்சிருந்தது தெரிஞ்சும் கேள்வி கேட்டவை. 2010இல கனடா உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில, அவரின்ர உரிமையைக் கனடா மீறினது எண்டு சொல்லிப்போட்டுது. பிறகு அவர் 2 கோடி டாலர் கேட்டு வழக்கு. 2017 ஜூலையில ட்ரூடோ அரசு 1 கோடியே 5 லட்சம் கனேடிய டாலருக்கு ராசி செய்து மன்னிப்பும் கேட்டது.

நாடாளுமன்றம் கோடை விடுமுறையில. எதிர்க்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ ஷியர், வழக்கை நடத்தியிருக்க வேணும் எண்டார். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பீட்டர் கென்ட், அமெரிக்கப் பத்திரிகையில போய்க் கட்டுரை எழுதினார். ஆங்கஸ் ரீட் கருத்துக் கணிப்பில நூற்றுக்கு 71 பேர் அரசு செய்தது பிழை எண்டவை. எங்கட கடைத்தெருவிலயும் அதே கதைதான், "நாங்கள் குளிருக்குள்ள ரெண்டு வேலை செய்து வரி கட்ட, இவனுக்குக் கோடியோ" எண்டு.

ஆனா கேளுங்கோ. 2007 ஜனவரியில மாஹெர் அரார் எண்ட இன்னொரு கனேடியருக்கு, சிரியாவில சித்திரவதைப்பட்டவருக்கு, மன்னிப்புக் கேட்டுக் காசு குடுத்தது ஆர்? அதே கன்சர்வேட்டிவ் கட்சிப் பிரதமர் ஹார்ப்பர். எவ்வளவு? 1 கோடியே 5 லட்சம், வழக்குச் செலவு புறம்பா. அதே தொகை! அப்ப ஒருத்தரும் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஓடேல்ல.

10. சூறாவளி

அரார் யாரையும் கொன்னாருன்னு யாரும் சொல்லல சார். இவரு குவாண்டனாமோல குத்தத்தை ஒத்துக்கிட்டவரு. ரெண்டும் ஒண்ணா?

11. வடமராட்சியான்

ஒண்டில்லை, சரி. ஆனா காசு சண்டைக்காகக் குடுபடேல்ல. கனடா தன்ர சட்டத்தை மீறினதுக்குக் குடுபட்டது. அந்த மீறல் நடந்தது எண்டு உச்ச நீதிமன்றம் முன்னமே சொல்லிப்போட்டுது. மிச்சம் இருந்தது தொகை மட்டும்தான். குற்ற ஒப்புதலும் குவாண்டனாமோ இராணுவ ஆணைக்குழுவுக்கு முன்னால 2010இல நடந்தது, வெளியில வர வேற வழியில்லாமல் ஒப்புக்கொண்டதெண்டு பிறகு அவரே சொன்னவர்.

வழக்கை நடத்தியிருந்தால் என்ன? அதுக்குள்ளயே வக்கீல் செலவு ஏறக்குறைய 50 லட்சம் ஆகிட்டுது. தோத்திருந்தால் 3, 4 கோடி வந்திருக்கும் எண்டு ட்ரூடோ சொன்னவர். அது அவரின்ர மதிப்பீடு, நம்புறதும் விடுறதும் உங்கட விருப்பம். எதிர்த்தவை ஒருத்தரும் தங்கட மதிப்பீட்டைச் சொல்லேல்ல எண்டதுதான் எனக்குக் கோவம்.

12. மட்டுறுத்துநர்

மூன்று பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. மதத்தைப் பிடித்து இழுப்பவர்களுக்கு இங்கே இடமில்லை. மேலும் ஒருவர் "காங்கிரஸ் ஆட்சியில் 2ஜி" என்று எழுதியிருக்கிறார். ஐயா, இது வேறு காங்கிரஸ்.

13. தேன்சிட்டு

தோற்றிருந்தால் எவ்வளவு என்ற கேள்வி ஈரான் விஷயத்திலும் வருமே. 40 கோடிக்கு 130 கோடி வட்டி. பார்த்தவுடன் கந்துவட்டி மாதிரி இருக்கு. உண்மையில் அதிகமா, குறைவா?

14. குப்புசாமி_ஓய்வு

இது நம்ம வேலைங்க கண்ணு. துல்லியமான தேதி தெரியோணும், இருந்தாலும் ஒரு குத்துமதிப்புக்கு 1979லருந்து 2016 வரைக்கும் 37 வருசம்னு வெச்சுக்குவோம். 40 கோடி 170 கோடி ஆகியிருக்குது, நாலேகால் மடங்கு. கூட்டு வட்டியில பாத்தா வருசத்துக்கு நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. நம்மூரு தபாலாபீஸ்ல போட்டிருந்தாக்கூட இதவிடச் சாஸ்தி வந்திருக்கும்.

அந்தூர்ல 1980 வாக்குல அரசுக் கடன் பத்திரத்துக்கே பத்து சதவீதத்துக்கு மேல வட்டி போச்சுங்க. அந்தக் கணக்கத் தீர்ப்பாயம் எடுத்துப் போட்டிருந்தா, மேக்கொண்டு நூறு கோடிக்கு மேல ஏறியிருக்கோணும். அதனால ராசி பேசுனது தப்புன்னு நான் சொல்ல மாட்டனுங்க. கணக்குத்தாள மேசையில வெக்காததுதான் தப்பு. தாள் இருந்தா அரைமணி நேரத்துல முடியற வாதம் இது.

15. சூறாவளி

சரி, நாலு சதவீதம்னா நான் கொஞ்சம் இறங்கி வர்றேன். கொஞ்சம்தான்.

ஆனா அப்படின்னா அந்த நிதியையே மூடிடலாமே? ஒவ்வொரு ராசிக்கும் காங்கிரஸ்ல ஓட்டு. பிடிச்சா கொடு, பிடிக்கலன்னா கொடுக்காத. ஜனநாயகம்னா அதுதானே?

16. அரவேணு

நூறு வருடம் அப்படித்தான் செய்து பார்த்தார்கள், சூறாவளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசிடம் பணம் வர வேண்டியவன் காங்கிரஸுக்கு மனு போட வேண்டும், அவனுக்காக ஒரு தனி மசோதா வர வேண்டும். போரில் படை தின்றுவிட்ட மாட்டுக்கு, முறிந்த ஒப்பந்தத்துக்கு, இடித்த கொட்டகைக்கு, எல்லாவற்றுக்கும். தெரிந்த உறுப்பினர் இருந்தால் வேலை ஆகும், இல்லாதவன் மகன் காலம் வரை அலைவான். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் கீழவை உறுப்பினராக உட்கார்ந்து இந்த மனுக்களைப் பார்த்து நொந்துபோய், நீதி வழங்க ஒரு விவாத மன்றத்தைப் போல மோசமான இடம் வேறு கிடையாது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1855இல் கோரிக்கை நீதிமன்றம் வந்தது. அதற்கும் முதலில் பல் இல்லை, கருத்துச் சொல்லிக் காங்கிரஸுக்கே அனுப்ப வேண்டும். தனி ஆட்களுக்கிடையே நீதி வழங்குவது எப்படிக் கடமையோ, அதே அளவுக்குத் தனக்கு எதிராகக் குடிமகனுக்கு உடனே நீதி வழங்குவதும் அரசின் கடமை என்று லிங்கன் 1861 செய்தியில் கேட்டுக்கொண்ட பிறகுதான் அந்த நீதிமன்றத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

இந்தத் தலைவலி தாங்காமல்தான் 1956இல் நிதியைத் திறந்தார்கள். இன்று நீங்கள் சொல்கிறபடி மூடினால், அரசு வண்டி மோதிக் கால் போனவரும் காங்கிரஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

பெரிய தொகை காங்கிரஸுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பூர்வகுடியினரின் நிலக் கணக்கை உள்துறை நூறு வருடத்துக்கு மேல் குளறுபடி செய்ததை எதிர்த்து, எலூயிஸ் கோபெல் 1996இல் வழக்குப் போட்டார். 2009 டிசம்பரில் 340 கோடி டாலருக்கு ராசி. அதன் அமைப்பு காரணமாகக் காங்கிரஸ் சட்டம் தேவைப்பட்டது. செனட்டில் அது ஒரு வருடம் இழுபட்டு 2010 டிசம்பரில்தான் ஒபாமா கையெழுத்துப் போட்டார். கோபெல் 2011 அக்டோபரில் இறந்துபோனார். பணம் பட்டுவாடா தொடங்கியதை அவர் பார்க்கவில்லை.

17. மீனாட்சி_எடிசன்

மூடினாலும் கடன் எங்கே போகும்? காப்பீட்டு கம்பெனிகள் கதை தெரியுமா?

ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல, 2014 முதல் 2016 வரைக்கும் நஷ்டப்பட்ட கம்பெனிகளுக்கு அரசு ஒரு சூத்திரப்படி ஈடு கட்டும்னு இருந்தது. 'ஈடு கட்டும்', 'கட்டலாம்' இல்ல. 2014 டிசம்பர்ல காங்கிரஸ் செலவு மசோதாவுல ஒரு வரியைச் சொருகிச்சு, சுகாதாரத் துறைப் பணத்துலேர்ந்து இதுக்கு எடுக்கக் கூடாதுன்னு. வரி கட்டுறவன் காசைக் காப்பாத்திட்டோம்னு ஒரே கொண்டாட்டம். ஆனா வாக்குறுதி தந்த பிரிவை ரத்து பண்ணலை. கம்பெனிகள் வழக்குப் போட்டாங்க. 2020 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் 8க்கு 1ன்னு சொல்லிடுச்சு: வாக்குறுதி நிக்குது, காசு கொடு. தொகை சுமார் 1,200 கோடி டாலர். எங்கேர்ந்து? தீர்ப்பு நிதி. எதிர்த்து எழுதின ஒரே நீதிபதி அலிட்டோ.

இதுதான் எனக்கு ஈரானைவிடப் பெரிய பாடம். முன்வாசலைப் பூட்டிட்டோம்னு நினைச்சாங்க. கொல்லைப்புறக் கதவை 1956லேயே அவங்க அப்பா காலத்து ஆளுங்க கழட்டி வெச்சுட்டாங்க.

அணுக்கழிவும் அப்படித்தான். 1998 ஜனவரி 31லேர்ந்து மின் நிலையங்கள்கிட்ட கழிவை வாங்கிக்கிறேன்னு அரசு ஒப்பந்தம் போட்டிருந்தது. இன்னைக்கு வரைக்கும் ஒரு டப்பா வாங்கலை. நெவாடாவுல யுக்கா மலையில புதைக்கிற திட்டம் அரசியல்ல செத்துப்போச்சு. கம்பெனிகள் வருஷா வருஷம் நஷ்ட ஈடு வாங்கிட்டே இருக்காங்க, இதுவரைக்கும் 1,000 கோடி டாலருக்கு மேல. அதுக்கும் ஓட்டு இல்ல. கழிவுக்கு இடம் தேடணும்னா ஓட்டுப் போடணும், தொகுதிக்காரன் அடிப்பான். நஷ்ட ஈடுன்னா தானா போயிடும். யாருக்கு எது வசதி, சொல்லுங்க.

18. குப்புசாமி_ஓய்வு

அப்ப தப்புப் பண்ணுன துறைக்கு ஒண்ணும் ஆகறதில்லீங்களா? அந்தத் துறை பட்ஜெட்டுல புடிச்சா, அடுத்த தடவ சாக்கிரதையா இருப்பாங்கல்லோ?

19. மீனாட்சி_எடிசன்

ஐயா, சரியான கேள்வி. துறை பொருளோ வேலையோ வாங்கின ஒப்பந்தத்துல தகராறுன்னா அந்த நிதிக்குத் திருப்பிக் கட்டணும். ஊழியர்களைப் பாகுபாடு பண்ணின வழக்குக்கும் 2002ல வந்த சட்டப்படி திருப்பிக் கட்டணும். மத்த பெரும்பாலானவைக்குத் துறை பையிலேர்ந்து ஒரு சல்லி போகாது. உண்மையிலேயே கத்தணும்னா காங்கிரஸ் கத்த வேண்டிய இடம் இது. பத்து வரிச் சட்டம் போதும். ஆனா டிவியில காட்ட இதுல விமானம் இல்லையே.

20. சூறாவளி

2021ஐ மறந்துட்டீங்க. மெக்சிகோ எல்லையில அரசு பிள்ளைங்களைப் பிரிச்ச குடும்பங்களுக்குத் தலைக்கு 4,50,000 டாலர் கொடுக்கப்போறதா அக்டோபர்ல செய்தி வந்துச்சே. குடியரசுக் கட்சி எம்பிங்க கத்தலன்னா அது போயிருக்கும். கத்தினதுக்குப் பலன் இருந்துச்சுல்ல?

21. அரவேணு

இருந்தது. நீங்கள் சொல்வது சரி, அதை ஒளிக்க வேண்டியதில்லை. பைடனே நிருபர்களிடம் அப்படி நடக்காது என்று சொன்னார், டிசம்பரில் பணப் பேச்சுவார்த்தையிலிருந்து அரசு விலகியது. 2023இல் முடிந்த ராசியில் குடும்பங்களை ஒன்று சேர்ப்பது, தங்க அனுமதி, மீண்டும் பிரிக்கத் தடை என்றுதான் இருந்தது. நஷ்ட ஈடு இல்லை.

ஆனால் தனித்தனிக் குடும்பங்கள் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்குகள் அதனால் செத்துப்போகவில்லை. அவை நீதிமன்றங்களில் தொடர்ந்தன. அவற்றில் அரசு தோற்றால் அல்லது ராசியானால் பணம் வருவதும் அதே நிதியிலிருந்துதான். கத்தியவர்கள் ஒரு மொத்த பில்லை நிறுத்தினார்கள், சில்லறை பில்களை அல்ல.

22. தேன்சிட்டு

அப்படியென்றால் எதிர்ப்பு எப்போதும் கட்சி பார்த்துத்தானா?

23. வடமராட்சியான்

வேறென்ன தம்பி. அரார், காதர். பதில் அங்கயே கிடக்கு.

24. மீனாட்சி_எடிசன்

இப்ப பந்து அந்தப் பக்கம் போயிருக்கு. தன்னை விசாரிச்சதுக்காக ட்ரம்ப் நீதி அமைச்சகத்துகிட்ட சுமார் 23 கோடி டாலர் கேட்டு மனு போட்டிருந்தார்னு 2025 அக்டோபர்ல நியூயார்க் டைம்ஸ் எழுதிச்சு. மனு போட்டப்ப அவர் பதவியில இல்ல. இப்ப அவர்தான் ஜனாதிபதி. அந்த அமைச்சக விதிப்படி 40 லட்சத்துக்கு மேல ராசின்னா துணை அட்டர்னி ஜெனரலோ அடுத்த நிலை அதிகாரியோ கையெழுத்துப் போடணும். அப்ப துணை அட்டர்னி ஜெனரலா இருந்த டாட் பிளாஞ்ச், முன்னாடி ட்ரம்புக்கே வக்கீலா நின்னவர். ஜனநாயகக் கட்சிக்காரங்க குதிச்சாங்க. 2016ல பணயத்தொகைன்னு குதிச்ச பலரோட குரல் இப்ப கேக்கலை.

சூறாவளி, இது உங்க காசு இல்லையா?

25. சூறாவளி

என் காசுதான். இதுக்கும் கூடாதுன்னுதான் சொல்றேன். நான் கட்சிக்காரன் இல்லைங்க, வரி கட்டுறவன்.

26. அரவேணு

நன்றி, சூறாவளி. இந்த இழைக்கு அது போதும்.

கட்சி பார்க்காத ஒரு சம்பவமும் நடந்தது. 2025 நவம்பரில் அரசு முடக்கத்தை முடித்த செலவு மசோதாவுக்குள் செனட் தலைமை ஒரு பிரிவைச் சொருகியிருந்தது: செனட்டரின் தொலைபேசிப் பதிவை அவருக்குத் தெரிவிக்காமல் அரசு எடுத்தால், அவர் வழக்குப் போட்டு ஒவ்வொரு மீறலுக்கும் 5 லட்சம் டாலர் வாங்கலாம். 2022 வரை பின்னோக்கிச் செல்லும். கீழவை உறுப்பினர்களுக்குக் கிடையாது, செனட்டர்களுக்கு மட்டும். நவம்பர் 12 அன்று மசோதா சட்டமானது. ஒரே வாரத்தில், 19ஆம் தேதி, அந்தப் பிரிவை ரத்து செய்யக் கீழவை ஓட்டெடுத்தது: 426க்கு 0.

ஈரானுக்கு 254, இதற்கு 426. பணம் பக்கத்து அறைக்காரன் பாக்கெட்டுக்குப் போகிறது என்றால் மட்டும் எல்லோருக்கும் கண் தெரிகிறது என்று நான் எழுதப் போனேன். ஆனால் நியாயமாகச் சொன்னால், அந்த ஒரு நாள் அவர்கள் செய்ததுதான் முறையான எதிர்ப்பு. யார் பெறுவார், எவ்வளவு, எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் இருந்தது. படித்தார்கள், பெயர் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். 99,999,999.99 என்ற வரியை வைத்துக்கொண்டு அப்படி ஓட்டுப் போட முடியாது.

27. தேன்சிட்டு

அந்தப் பதிமூன்று வரியைக் கூட்டினால் சரியாக எவ்வளவு வரும்? செமினாருக்கு வேண்டும்.

28. குப்புசாமி_ஓய்வு

காத்தால டீ குடிச்சுட்டே கூட்டிப் பாத்துட்டனுங்க. பதிமூணு வரியும் சேத்தா 1,299,999,999.87. கடைசி வரி 10,390,236.28 சேத்தா 1,310,390,236.15 டாலர். ரெண்டு தடவ கூட்டுனேன், சரியா வருது. தாளுல எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா போட்டோ எடுத்துப் போடறேன் கண்ணு.